மைனி உட்கார்ந்த பக்கம்

என் காரில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே கிடக்கிற ரப்பர் மிதியடியில் ஒரு சின்ன வழுக்கை இருக்கிறது. ஒரு ரூபாய்க் காசு அகலம். சர்வீசுக்கு விடும்போதெல்லாம் அங்கே இருப்பவர்கள், "சாரே, இது தேஞ்ஞு போயி. புதுசு ஒண்ணு இடட்டே?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். ஆளைப் பார்த்தாலே கஞ்சன் என்று தெரிகிறது என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அது மைனியின் வலது குதிகால் ஊன்றிய இடம். நாலு வருஷம், ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமையும், அந்தக் குதிகால் அங்கேதான் ஊன்றியிருந்தது. மைனி இப்போது இல்லை. சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போன மறு வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மைனி எனக்கு உறவில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் வேர்விட்ட எங்களைப் போன்றவர்களுக்கு, மாடிவீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் அவர் அண்ணாச்சி. அண்ணாச்சியின் மனைவி மைனி. அதற்கு மேல் விசாரணை கிடையாது. கரமனையில் நாங்கள் கீழே, அவர்கள் மேலே. அண்ணாச்சி குவைத்தில் இருபது வருஷம் டிராப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவர். மெல்லிய குரல், கனத்த கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் கூர் சீவிய இரண்டு பென்சில். அவர் காலமானபின், ஞாயிற்றுக்கிழமை காலையில் மைனியைப் பழவங்காடிக்குக் கூட்டிப்போகிற வேலை என் தலையில் விழுந்தது. கோயிலுக்கு என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். கணபதிக்குத் தேங்காய் உடைக்க இரண்டு நிமிஷம். அதன்பின் எதிர்ச் சந்தில் இருக்கிற காப்பிக்கடை மாடியில் இரண்டு மணி நேரம். ஏமாந்தது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

அங்கே அண்ணாச்சியின் கூட்டாளிகளான ஐந்தாறு கிழவர்கள் கூடுவார்கள். எல்லோரும் வளைகுடா நாடுகளில் இளமையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள். எழுபதுகளில், பெட்ரோல் குடிதண்ணீரைவிடச் சுலபமாகக் கிடைத்த அந்த ஊர்களில் அமெரிக்க வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மஸ்டாங், காமரோ, சார்ஜர். நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின், மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிற வேகம். மசில் கார் என்று பெயராம். கூடியவர்களில் ஒருவரோ இருவரோதான் அப்படி ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள். மற்றவர்கள் முதலாளியின் வண்டியைத் துடைத்தவர்கள், கூட்டாளியின் வண்டியில் ஏறிக்கொண்டவர்கள், ரோட்டோரம் நின்று வாய் பார்த்தவர்கள். ஐம்பது வருஷம் கழிந்தபின் அந்த வித்தியாசமெல்லாம் யாருக்கு வேண்டும். காப்பி வந்ததும் எல்லோரும் ஓட்டினார்கள்.

எனக்கோ கார் என்பது கழக்கூட்டத்து ஆபீசுக்கு மழையில் நனையாமல் போய்ச் சேர ஒரு டப்பா. நாற்பதுக்கு மேல் முள் நகர்ந்தால் என் கால் தானாகப் பின்வாங்கிவிடும். பைபாசில் லாரிக்காரர்கள்கூட என்னைப் பார்த்து இரக்கப்பட்டு ஒதுங்கிப் போவார்கள். இப்படிப்பட்ட ஆளின் வண்டியில்தான் மைனி நாலு வருஷம் வந்தார்.

பின்சீட்டில் உட்காரவே மாட்டார். என் மனைவி கூட வருகிற நாளிலும் முன்பக்க இடது கதவுதான். ஏறியதும் முதுகை நிமிர்த்தி, புடவையைக் காலுக்கிடையில் இறுக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். நான் சாவியைத் திருகி உடனே கிளப்பினால் பிடிக்காது. "நில்லு தம்பி, கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்பார். எஞ்சின் மூச்சு விட்டு முடியும்வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த அரை நிமிஷத்தில் அவர் முகம் வேறு எங்கோ போய்விடும். கரமனைப் பாலமும் காலைப் பஸ்களும் அவர் கண்ணில் படுகிற மாதிரியே இருக்காது.

பிறகு அந்தக் கால். ரோடு கொஞ்சம் காலியாகி முன்னால் வெளிச்சமாகத் தெரிந்தால் போதும், மைனியின் வலது கால் தரையை அழுத்தும். வலது கை மடியைவிட்டு எழுந்து என் கியர்க் கம்பியை நோக்கி நகரும், பாதி வழியில் நின்று திரும்பிவிடும். முதல் தடவை பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பாவம், பயம். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். கை ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுக்கத் துடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்தேன். மைனி ஒரு பெருமூச்சு விட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நிம்மதிப் பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் அழுத்துவார், நான் குறைப்பேன், அவர் பெருமூச்சு விடுவார். ஒருநாள் எனக்கே மனசு கேட்காமல், "பயப்படாதீங்க மைனி, நான் நாற்பதைத் தாண்டவே மாட்டேன்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா தம்பி" என்றார் மைனி. குரலில் அத்தனை சோகம்.

காப்பிக்கடை மாடியில் பேச்சை நடத்துகிறவர் பஹ்ரைனில் ஸ்டோர்கீப்பராக இருந்த ஒருவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். பஹ்ரைன்காரர் என்றே எல்லோரும் சொல்வோம். கீழே கோயில் வாசலில் தேங்காய் சிதறுகிற சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதன் நடுவே அவர், "நாலு பேரல் கார்புரேட்டர் பாத்துக்கிடுங்க. மூடி திறந்தா கிணறு. மிதிச்ச உடனே ஒரு உறிஞ்சு உறிஞ்சும். பெட்ரோல் முள்ளு நம்ம கண்ணு முன்னாலயே சரியும்" என்று ஆரம்பிப்பார். கால் மைல் தூரத்தை எத்தனை செகண்டில் கடக்கிறது என்பதுதான் அந்த வண்டிகளின் ஜாதகம். பதினாலு என்பார் ஒருவர். பதிமூணரை என்பார் மற்றவர். ஒரு செகண்டில் பாதியை வைத்துக்கொண்டு இரண்டு காப்பி குடிப்பார்கள். பேச்சு ஓய்கிற நேரங்களும் உண்டு. அப்போது எல்லோரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். ஒவ்வொருவரும் தனித்தனி ரோட்டில் போய்க்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மாசத்துக்கு ஒரு தடவையாவது அண்ணாச்சியின் கதை வந்துவிடும். அண்ணாச்சி உயிரோடு இருந்தபோது ஒருமுறை அவரே சொன்ன கதை. அவர் போனபின் அதைப் பஹ்ரைன்காரர் ஏற்றெடுத்துக்கொண்டார். ஊர் திரும்பிய அமெரிக்க எஞ்சினியர் ஒருவரிடமிருந்து அண்ணாச்சி வாங்கிய கரும்பச்சைச் சார்ஜர். ஒரு வெள்ளிக்கிழமை காலை, குவைத்துக்குத் தெற்கே பாலைவன ரோடு. பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் காமரோ வந்து விளக்கை மின்னிச் சீண்டுகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பிறகு கிளம்புகின்றன.

"அண்ணாச்சி ஒரே மிதி!" என்று பஹ்ரைன்காரர் மேஜையைத் தட்டுவார். "காமரோக்காரன் கண்ணாடியில தூசியத்தான் கண்டான். இந்த ஒடிசலான மனுசன், கேட்டீரா வே, இந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு! மைனி பக்கத்துல இருந்து ஒரே அலறல். முருகா முருகான்னு. காலால தரைய மிதிச்சு மிதிச்சு கார்ப்பெட்டே கிழிஞ்சு போச்சு. இல்லியா மைனி?"

"பின்னே" என்பார் மைனி, சிரித்துக்கொண்டே.

எல்லோரும் சிரிப்பார்கள். நான் மேஜைக்குக் கீழே பார்ப்பேன். கதையில் 'ஒரே மிதி' வருகிற இடத்தில் மைனியின் கால் தரையை அழுத்தும். ஐம்பது வருஷத்துப் பழைய பயம் இன்னுமா காலில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒன்று மட்டும் கவனித்திருந்தேன், ஆனால் அதை வைத்து எதையும் யோசிக்கவில்லை. குதிகால் எழும்பவே எழும்பாது. அது ஊன்றியே இருக்கும், முன்பாதம் மட்டும்தான் அழுந்தும்.

இன்னொன்றும் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் ஏறி உட்கார்ந்து எஞ்சின் மூச்சு விடுகிற நேரத்தில், "தம்பி, மூணாவது சிலிண்டர் மொணங்குது. பிளக்கப் பாக்கச் சொல்லு" என்றார். நான் சிரித்தேன். மறுநாள் கிள்ளிப்பாலம் போவதற்குள் வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு மூன்றாவது பிளக் போய்விட்டது என்றான். அண்ணாச்சியோடு இத்தனை வருஷம் இருந்த பழக்கம் என்று நானே அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். நான் கண்டுபிடித்த காரணங்களை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மைனி அதிகம் பேச மாட்டார். பேசினாலும் அந்த ரோட்டைப் பற்றித்தான். "விடியக்காலம் அங்க ரோடு எங்க முடியுது, ஆகாசம் எங்க தொடங்குதுன்னு தெரியாது தம்பி. எல்லாம் ஒரே சாம்பக் கலரு. அதுக்குள்ள போயிக்கிட்டே இருக்கணும். போறது நாமளா, இல்ல நம்மள நோக்கி வருதான்னு தோணும்" என்று ஒருமுறை சொன்னார். அப்போது நாங்கள் கிழக்கேகோட்டை சிக்னலில் ஒரு பஸ்ஸுக்கும் பழவண்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தோம்.

சென்னையிலிருந்து மகன் வந்து, தனியாக விடமாட்டேன், மாசக் கடைசியில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே வாரம் பஹ்ரைன்காரர் காப்பிக்கடையில் எழுந்து நின்று அறிவித்தார். அவருடைய மருமகன் ஒரு சார்ஜர் இறக்கியிருக்கிறான். அதே வருஷத்து மாடல், அதே கரும்பச்சை. விழிஞ்ஞத்தில் அவனுக்கு ஒரு கன்டெய்னர் முற்றம் உண்டு, அங்கே நிற்கிறது. வருகிற ஞாயிறு எல்லோருக்கும் ஒரு ரவுண்டு.

திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபிறகும் மைனி இறங்கவில்லை.

"அதுல ஒரே ஒரு தடவ இருக்கணும் தம்பி. சென்னைக்குப் போனா அங்க ஃபிளாட்டும் லிஃப்டும்தான். வேற ஒரு ஆசையும் இல்ல எனக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "வேண்டாம். நான் வரல்ல" என்றார்.

"ஏன் மைனி?"

"அதுல இருந்தா அவருக்க கதை கெட்டுப் போவும். இந்த ஊருல அவருக்குன்னு இருக்கது அந்தக் கதை ஒண்ணுதான்."

கண்ணெதிரே பார்த்தால் பழைய நினைவு கரைந்துவிடும் என்று சொல்கிறார் போல என நினைத்தேன். சாமர்த்தியமாக, "நீங்க பாத்தா கதைக்கு என்ன ஆகப்போகுது? அது பத்திரமா இருக்கும்" என்றேன். மைனி என்னை நிதானமாகப் பார்த்தார். இவனிடம் போய்ச் சொன்னேனே என்கிற பார்வை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே இறங்கி வந்து வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் கட்டுகிற நூல் புடவை இல்லை, கரும்பச்சைப் பட்டு.

அந்த முற்றம் கடலைப் பார்த்து நீளமாகக் கிடந்தது. ஒரு பக்கம் சிவப்பும் நீலமுமாகக் கன்டெய்னர்கள் அடுக்கியிருந்தன, மறுபக்கம் முள்கம்பி. நடுவில் வெறும் கான்கிரீட் தரை, ஒரு முனையில் இரும்புக் கேட்டு, மறுமுனையில் இடுப்புயரச் சுவர், அதற்கப்பால் கடல். கால் மைல் தேறும் என்று கிழவர்கள் வந்தவுடனேயே கண்ணால் அளந்து சொல்லிவிட்டார்கள். கடல்பக்கமிருந்து மெல்லிய மூடுபனி மாதிரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. சுவர் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சரியாகத் தெரியவில்லை.

வண்டி ஷெட்டுக்கு முன்னால் நின்றது. மருமகன் சாவியைத் திருகியதும் தரை அதிர்ந்தது. பிறகு அது அடங்கி, பெரிய உருளியில் பாயசம் கொதிக்கிற மாதிரி ஒரு தாளத்துக்கு வந்தது. பஹ்ரைன்காரர் மூக்கை உறிஞ்சினார். பெட்ரோல் வாசத்துக்கா அழுகைக்கா என்று தெரியவில்லை. ஒவ்வொருவராக ஏறினார்கள், மருமகன் மெதுவாக ஒரு சுற்று கொண்டுபோய்க் கொண்டுவந்தான். இறங்கியவர்கள் யாரும் செகண்டைப் பற்றிப் பேசவில்லை. தலைமுடியைக் கோதிக்கொண்டு தள்ளித் தள்ளிப் போய் நின்றார்கள்.

"ஆன்ட்டி, இனி நீங்க வாங்க" என்றான் அவன், எஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்து.

மைனி நேராக இடப்பக்கக் கதவை நோக்கி நடந்தார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"மைனி, இது நம்ம ஊரு வண்டியில்ல! அமெரிக்க வண்டிக்கு ஸ்டீரிங் இடப்பக்கம். அது டிரைவர் சீட்டாக்கும். நீங்க இந்தப் பக்கம் வரணும்" என்றார் பஹ்ரைன்காரர்.

"இரிக்கட்டே அங்கிள், ஒரு போட்டோ எடுக்காம்" என்று மருமகன் போனை எடுத்தான்.

மைனி உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார், புடவையைச் செருகினார், செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். குனிந்து பார்க்காமலே இருக்கைக்கு அடியில் கைவிட்டு எதையோ இழுத்து, இருக்கையை முன்னால் நகர்த்திக்கொண்டார். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்தார்.

"மக்களே, பார்க்கிங் பிரேக்கு கீழ இந்தப் பிடிய இழுத்தாத் தானே விடும்?" என்று மருமகனிடம் கேட்டார்.

அவன் போனைத் தாழ்த்தினான். "ஆன்ட்டிக்கு அது எங்ஙனே தெரியும்?"

மைனி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கண்டானோ, அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பதுக்கே, மெதுவாப் போணும் ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கினான். அந்தப் பையனுக்கு என் வாழ்நாள் முழுக்க நன்றி உண்டு.

"தம்பி, நீ அந்தப் பக்கம் ஏறு" என்றார் மைனி என்னிடம்.

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

டக் என்று ஒரு சத்தம், பிரேக் விட்டது. வலது கை நடுவிலிருந்த கியர்க் கம்பிக்குப் போனது. என் காரில் பாதி வழியில் நின்று திரும்புகிற அதே கைதான். இந்த முறை போய்ச் சேர்ந்தது. வண்டி பூனை மாதிரி நகர்ந்தது. கிழவர்கள் ஒருவரும் அசையவில்லை. கேட்டு வரைக்கும் மெதுவாகப் போய், ஒரே வளைவில் திருப்பிக் கடலைப் பார்த்து நிறுத்தினார்.

"மூச்சு விடட்டும்" என்றார்.

மூச்சு விட்டது. குதிகால் ஊன்றியது. முன்பாதம் அழுந்தியது.

அதன்பிறகு நடந்ததை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. முதுகு இருக்கைக்குள் புதைந்தது. சிவப்பும் நீலமும் கலந்து ஒரே கோடாகின. சத்தம் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தமாகவே தெரியவில்லை, காதுக்குள் பெரிய அமைதி இறங்கியதுபோல இருந்தது. முன்னால் சாம்பல் நிறம் மட்டும். சுவரும் இல்லை, கடலும் இல்லை. போவது நாங்களா, அது எங்களை நோக்கி வருகிறதா? திரும்பி மைனியைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நாலு வருஷமாக எந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பதில் உருட்டினேனோ, அந்த முகம் இதுவல்ல. முருகா என்று யாரோ அலறுவது கேட்டது. நான்தான்.

வண்டி நின்றபோது சுவருக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. மைனி என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். என் வலது கால் முழுப் பலத்தோடு தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் கிடையாது.

மைனி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அவரும் இப்பிடியேதான் மிதிப்பாரு தம்பி. இதே எடம்."

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. நம்ம ஊர் வண்டியில் மைனி உட்கார்ந்த இடம், அந்த வண்டியில் ஓட்டுகிறவர் இடம். நாலு வருஷமாக அவர் அழுத்தியது பிரேக்கை அல்ல.

"அப்ப அலறினது?"

"பின்ன நானா? அவருக்கு எஞ்சினுன்னா உசிரு. பிரிச்சு மேய்வாரு. ஆனா ஸ்டீரிங்கப் பிடிச்சா கை வெடவெடன்னு நடுங்கும். ரெண்டு தடவ டெஸ்டுல தோத்தாரு. நீ ஓட்டப் படிச்சுக்கோன்னு என்னைய அனுப்பினாரு. அவரு டியூன் பண்ணுவாரு, நான் ஓட்டுவேன். பக்கத்துல இருந்து கண்ண மூடிக்கிட்டு ஸ்டாப் வாட்ச் பிடிப்பாரு." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க வந்தப்புறம் ஒருநாள் காப்பிக்கடையில எல்லாரும் பேசிட்டு இருக்கப்ப, அவரும் சொன்னாரு. சொல்லச் சொல்ல ஸ்டீரிங்கு அவரு கைக்குப் போயிட்டு. என் முகத்தப் பாக்காம சொல்லிமுடிச்சாரு. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. நான் சொன்னேன், நல்லாத்தான் இருந்துது, அப்பிடியே இருக்கட்டும்னு. கதையில அவரு நல்லா ஓட்டினாரு தம்பி. எனக்குப் பெருமையா இருந்துது."

"இங்க நீங்க ஏன் ஓட்டவே இல்ல?"

"ஓட்டினா கேப்பாங்கல்லா?"

நாற்பது வருஷம். ஒரு மனுஷருக்காக நாற்பது வருஷம் காலைக் கட்டிப் போட்டிருந்திருக்கிறார். அதற்குள் கண்ணாடியில் கிழவர்கள் ஓடிவருவது தெரிந்தது. பஹ்ரைன்காரர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மைனியின் சிரிப்பு நின்றது. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"கெடுத்துட்டேன்" என்றார் மெதுவாக.

பஹ்ரைன்காரர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வாங்கி முடிப்பதற்குள் அவர் முகத்தில் ஏதோ ஒன்று கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

"மைனி... இது... இத எங்க படிச்சீங்க? அப்ப அன்னைக்கு அந்த வெள்ளிக்கிழம..."

மற்றவர்களும் வந்து சூழ்ந்துவிட்டார்கள். மைனி எஞ்சினை அணைத்தார்.

"எங்க படிக்க? எல்லாம் அவரு படிப்பிச்சதுதான்" என்றார். "அவரு ஓட்டுகதுல பாதிகூட எனக்கு வராது. இன்னைக்கு ஏதோ, கை தடுமாறாம வந்துது."

பஹ்ரைன்காரர் நிமிர்ந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களாடே?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "சிஷ்யை ஓட்டுகது இப்பிடின்னா, அண்ணாச்சி அன்னைக்கு எப்பிடி ஓட்டியிருப்பாரு! நாமதான் கதைய குறைச்சுச் சொல்லிட்டோம்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். மைனி கதவைத் திறந்து, வெறுங்காலோடு அந்தக் கான்கிரீட் தரையில் இறங்கி, வண்டியின் நீண்ட மூக்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

அந்த மாசக் கடைசியில் நான்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மகன் முன்சீட்டில் உட்காரப் போனார். "நீ பின்னால இரு மக்களே" என்றார் மைனி. கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை வழியாக ஈஞ்சக்கல் வரும்வரை நெரிசல். பைபாசில் ஏறினோம். காலை வெயில் இன்னும் சரியாக விழவில்லை. முன்னால் ரோடு நீண்டு, காலியாக, சாம்பல் நிறத்தில் கிடந்தது.

மைனியின் முன்பாதம் அழுந்தியது.

நானும் அழுத்தினேன். ஐம்பது. அறுபது. எழுபது. பின்னால் மகன், "அங்கிள், டைம் இருக்கு, மெதுவாப் போகலாம். அம்மாவுக்குப் பயம்" என்றார். எண்பதைத் தொட்டபோது என் டப்பா நடுங்க ஆரம்பித்தது.

மைனி திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போவும், தம்பி" என்றார்.

போனது.